கூலங் காத்தல்

(நெய்வேலியில் நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் நெல்லையும் வரகையும் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். வியப்பிற்கு இடமில்லை. மணிமேகலை என்னும் பெருங்காப்பியத்தை இயற்றிய சாத்தனார்க்குக் கூலவாணிகன் என்பதே அடைமொழியாக வழங்கிற்று. கூலமாவது நெல், வரகு, உளுந்து முதலியவற்றிற்கெல்லாம் பொதுப்பெயர். மதுரையில் தானியம் அளந்த கையே காப்பியமும் எழுதிற்று. ஆதலின் அவ்வழி வந்த தமிழாசிரியன் தானியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவது தமிழுக்குப் புறம்பாகாது.

நம்மவரிற் பெரும்பாலார் உழவர் மரபினர். 1956ஆம் ஆண்டில் இவ்வூரில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியதன் பின்னர், நாம் ஏரை விட்டு இயந்திரத்திற்கு வந்தோம். எனினும் ஏர் நம்மை முற்றும் விட்டபாடில்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலும் சேத்தியாத்தோப்பிலும் விருத்தாசலத்திலும் இன்னும் நிலம் உடையார் பலர் இவ்வவையில் இருக்கின்றனர். தை, மாசித் திங்களில் அவர்கள் வீட்டிற்கு நான்கைந்து மூட்டை நெல்லும், ஒரு மூட்டை உளுந்தும், பிறகு மல்லாட்டையும் வந்து சேர்கின்றன. நிலம் இல்லாதவரோ சீரகச்சம்பா, மாப்பிள்ளைச்சம்பா, சாமை, தினை ஆகியவற்றை மிகுந்த விலை கொடுத்து வாங்குகின்றனர். 2023ஆம் ஆண்டை உலக நாடுகள் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதற்குப் பின்னர் இவ்வழக்கம் நம் வட்டங்களில் வீட்டிற்கு வீடு பரவிவிட்டது. நல்லதே. ஆனால் அவ்வாறு வந்த பொருள் ஆடி மாதத்திற்குள் வண்டு விழுந்தும், பூசணம் பிடித்தும், நாற்றம் ஏறியும் குப்பைத் தொட்டிக்குப் போவதையும் நாம் காண்கின்றோம். நிறுவனத்தார் கட்டிக்கொடுத்த வீட்டில் குதிருக்கு இடமில்லை. குதிரைப் பேணத் தெரிந்த பாட்டிமாரும் இப்போது இல்லை.

முதலாவதாக அறியவேண்டியது ஒன்றுண்டு. களஞ்சியம் எவ்வளவு சிறந்ததாயினும் தானியத்தின் குணத்தை உயர்த்தாது; களத்தில் இருந்த குணத்தைக் கெடாமல் வைத்திருப்பதே அதனால் ஆவது. அறுத்த பின்னர் மூன்று நான்கு நாட்களில் செய்தது யாதோ, அதுவே பின்னர் வரும் பத்து மாதங்களையும் ஆள்கின்றது. நம்மவர் இதனைத் தலைகீழாகக் கொள்கின்றனர். ஈரநெல்லை வீட்டிற்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வண்டு வந்தபிறகு மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்கின்றனர்.

தானியம் உயிருள்ள பொருள், மூச்சுவிடுவது. அது மூச்சுவிடும்போது தன்னுள் இருக்கும் மாவையே சிறிது சிறிதாகச் செலவிட்டுக் கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிடுகின்றது. உலர்ந்த தானியம் மிக மெல்ல மூச்சுவிடும். ஈரத் தானியம் இளைத்து ஓடுவான் போல் விடும். அவ்வெப்பமும் நீரும் குவியலின் நடுவில் தங்க, அங்கே பூசணம் முளைக்க, அப்பூசணத்தின் மூச்சு மேலும் வெப்பம் தர, இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கின்றன. சுரங்கத்தில் வேலை செய்வார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கொட்டிவைத்த பழுப்பு நிலக்கரிக் குவியல் தீக்குச்சி கிழிப்பார் இன்றியே உள்ளே சூடேறிப் புகைவதை அவர்கள் கண்டிருக்கின்றனர். இரண்டிற்கும் காரணம் வேறாயினும், உள்ளே பிறந்த வெப்பம் வெளியேற வழியில்லாமையால் வரும் கேடு ஒன்றே. நெல் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே வெதுவெதுப்பு இருந்தால், மூட்டையை அன்றே அவிழ்த்துக் கொட்டவேண்டும். அவ்வாறு வெந்த நெல்லை அரைத்தால் அரிசி மஞ்சள் பாரித்திருக்கும். அந்நிறம் பின்னர் எதனாலும் போகாது.

எவ்வளவு உலர்த்துவது? அறுக்கும்போது நெல்லில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை நீர் இருக்கும். சில திங்கள் வைத்துண்ணும் நெல்லுக்கு அது 14க்கு மேற்படலாகாது. விதைநெல்லுக்கு 12 அல்லது 13 வேண்டும். இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். அரசினர் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் 17 பங்கு ஈரம் வரை நெல்லை ஏற்கின்றனர்; மழையில் நனைந்த ஆண்டுகளில் அதனினும் தளர்த்தியதும் உண்டு. அதனைக் கண்டு, 17 இருந்தாற் போதும் என்று வீட்டில் அடுக்குவோர் பலர். அது வாங்குவதற்கு வகுத்த எல்லை. வைத்திருப்பதற்கு வகுத்த எல்லையன்று.

உளுந்து, துவரைக்கு 9 அல்லது 10. தோட்டோடு கூடிய மல்லாட்டைக்கு 8 அல்லது 9. உடைத்த பருப்பிற்கு 7. எண்ணெய் வித்திற்கு ஏன் இத்துணைக் குறைவு என்று கேட்கலாம். எண்ணெய் நீரை ஏற்காது. பருப்பிற் பாதியளவு எண்ணெயாயிருப்பின், உள்ள நீர் முழுவதும் எஞ்சிய பாதியிலேயே தங்குகின்றது. ஆதலின் நெல்லில் வாளாவிருக்கும் ஈரம் மல்லாட்டையில் பூசணத்தை அழைக்கும்.

கருவியின்றி ஈரம் அறியும் வழி ஒன்று கூறுகின்றேன், தாய்மார்கள் கேட்டுக்கொள்க. உப்பை நன்றாக வறுத்தோ வெயிலில் காயவைத்தோ ஈரமறச் செய்யுங்கள். உலர்ந்த கண்ணாடிச் சீசா ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு தானியம் இட்டு, ஒரு கரண்டி உப்புச் சேர்த்து, இறுக மூடி, ஒரு நிமிடம் குலுக்கிச் சிறிது நேரம் நிற்க விடுங்கள். உப்புக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் ஈரம் ஏறக்குறைய 15க்கு மேல் இருக்கின்றது. ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழ். இது செம்மையான அளவன்று. மூட்டை கட்டலாமா, இன்னும் ஒரு நாள் காயவைப்பதா என்று முடிவு செய்யப் போதும்.

உலர்த்துவதிலும் பதம் உண்டு. சித்திரை வெயிலில் தார்ச்சாலையின்மேல் கொட்டி ஒரே நாளில் காயவைப்பது கடமையை முடித்த நிறைவைத் தரும். நெல்லுக்கு அது நன்மை தராது. நெல்லின் புறம் விரைந்து காய, அகம் ஈரமாயிருக்க, இடையே அரிசியில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுகின்றது. காய்ந்த நெல்லை இரவில் பனியில் விட்டாலும் ஈரத்தை மீண்டும் உறிஞ்சி வெடிக்கும். நெல்லைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆலையில் அரைக்கும்போதே நொய்யாகச் சொரியும். முழு அரிசிக்கே விலையுள்ள சீரகச்சம்பாவில் இவ்வாறு நேர்ந்தால் ஓராண்டு உழைப்பு நொய் விலைக்குப் போகும். ஆதலின் இரண்டு விரற்கிடை கனத்திற்குப் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை கிளறி, உச்சி வெயிலில் குவித்து மூடி, மாலையில் மீண்டும் பரப்பி, பனி இறங்குமுன் போர்த்தி, இரண்டு மூன்று நாள் காயவைப்பதே முறை. நம் முன்னோர் களத்தில் செய்ததும் இதுவே. தஞ்சையில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கிற்று. குறுவை அறுவடை மழையில் சிக்கி நெல் அழுகியமையே அம்முயற்சி தோன்றக் காரணம். இன்று அது உணவுத் தொழில்நுட்பம் கற்பிக்கும் மத்திய அரசின் பெருநிறுவனமாக வளர்ந்திருக்கின்றது.

நிற்க. விலை குறைவதும் நொய்யாவதும் பொருள் இழப்பே. உயிர் இழப்பும் உண்டு. அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன்.

தென்னார்க்காட்டில் வரகு பெரிதும் விளைந்த பயிர். அக்காலத்து முதியோர் வாயில் கிறுக்கு வரகு என்றொரு சொல் வழங்கிற்று. சில ஆண்டு வரகுச் சோறு உண்டவர்க்குத் தலைசுற்றலும் வாந்தியும் மயக்கமும் வரும். வரகின் குற்றம் என்றும் தெய்வக் குற்றம் என்றும் கூறினர். உண்மை யாதெனில், கதிர் முற்றும்போதோ அறுத்துக் குவித்தபோதோ மழை பெய்தால் அதன்கண் ஒருவகைப் பூசணம் பற்றுகின்றது. அப்பூசணம் நஞ்சு சுரக்கின்றது. இது பழங்கதையன்று. 2024ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் காட்டில் வரகு வயலில் மேய்ந்த காட்டுயானைகளுள் பத்து மடிந்தன. அவற்றின் உடலில் அப்பூசண நஞ்சு காணப்பட்டது. யானையையே சாய்த்த நஞ்சு குழந்தையை என்செய்யும்? ஆகவே மழையில் நனைந்து நிறம் மாறிய வரகை, விலை மலிவென்று வாங்கற்க. களையச் சோம்பி அரைத்து மாவாக்கவும் வேண்டா.

மல்லாட்டைக்கு வருவோம். மணிலாக்கொட்டை, நிலக்கடலை என்று பிறர் கூறுவதை நம் பக்கத்தார் மல்லாட்டை என்பர். இது நம் செம்மண் மேட்டின் செல்வம். விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையம் இதிற் பல வகைகளை வெளியிட்டிருக்கின்றது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, அவற்றிற்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் பூசண நஞ்சு இருந்தமை தெரிந்தது. அப்ளடாக்சின் என்று அதற்குப் பெயரிட்டனர். கல்லீரலைத் தாக்குவது; நாளடைவில் ஈரற் புற்றுக்கும் காரணமாவது; சமைப்பதால் அழியாதது. 1974ஆம் ஆண்டில் இராசத்தான், குசராத்து எல்லைப்புறத்துச் சிற்றூர்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தது இதனாலேயே.

இந்நஞ்சு நம் களத்தில் எங்கே நுழைகின்றது? செடியைப் பிடுங்கிக் காய் ஆயாமல் ஈரத்தோடு போர் போடும்போது நுழைகின்றது. காயாத காயை மூட்டை கட்டும்போது நுழைகின்றது. எல்லாவற்றினும் கொடியது, உடைக்கும் பொறியில் பருப்பு உடையாமல் வரவேண்டும் என்பதற்காகக் காய்ந்த காயின்மேல் நீர் தெளிப்பது. எடையும் கூடும் என்பது உள்நோக்கம். உலர்த்திய உழைப்பையெல்லாம் ஒரு குடம் நீர் அழித்துவிடுகின்றது. அப்பருப்பைச் செக்கில் ஆட்டினால் நஞ்சின் ஒரு பகுதி எண்ணெயிலும் பெரும்பகுதி பிண்ணாக்கிலும் போகும். பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலில் அதன் மாறிய வடிவம் ஒன்று வெளிப்படும். செக்கெண்ணெய் தூயது என்று நம்பி வாங்குவோர், ஆட்டியவரிடம் பருப்பைக் காட்டச் சொல்லுங்கள். சுருங்கியதும், நிறம் மங்கியதும், பச்சைத்தூள் படிந்ததுமான பருப்பிலேயே நஞ்சு மிகுதியும் தங்குகின்றது. அவற்றைக் கையாற் பொறுக்கி நீக்கினாலே பெரும்பங்கு கேடு விலகும். நீக்கியதைக் கோழிக்கும் மாட்டிற்கும் இடாமல் எரித்துவிடுக.

இனிக் கலப்பு. மரபு நெல்லின் பகைவருள் தலையாயது இதுவே. வண்டு இரண்டாம் இடத்தது என்பேன். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் வாழ்ந்த நெல் ஜெயராமன் அவர்கள் 174 மரபு நெல் வகைகளைத் தேடித் திரட்டினார்; 2018ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். அவர் நடத்திய நெல் திருவிழாவில் உழவர்க்கு 2 கிலோ விதை கொடுப்பர். மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது நியதி. எண்ணிப் பாருங்கள்: திருப்பித் தரும் 4 கிலோவில் ஒரு பிடி வேற்று நெல் கலந்திருப்பின், அது அடுத்தவர் வயலில் ஒரு படியாகும்; மூன்றாம் ஆண்டில் மாப்பிள்ளைச்சம்பா என்ற பெயர் மட்டுமே எஞ்சும். அறுவடைப் பொறி முன் வயலில் அறுத்த நெல்லைத் தன் வயிற்றில் சுமந்தே நம் வயலுக்கு வருகின்றது. அதனை வெற்றோட்டம் ஓட்டித் தட்டிப் பெருக்காமல் விதைவயலில் இறக்கலாகாது. இயலாதெனின் விதைக்கென ஒரு மூலையைக் கையால் அறுத்துக் கொள்க. களம், முறம், படுதா, பழஞ்சாக்கு இவை நான்கிலும் வேற்று நெல் ஒளிந்திருக்கும். சாக்கை உட்புறம் வெளிப்படத் திருப்பி உதறியே பயன்படுத்துக. சாக்கின் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நெல்லின் பெயரும் அறுத்த நாளும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

மேல்நாட்டார் இதிற் பெருங்கண்டிப்பு உடையவர். அமெரிக்காவிலும் கனடாவிலும் சோயா மொச்சை விளைவிப்போர் சிலர், சப்பானியர் செய்யும் சோயாப் பாற்கட்டிக்கென்றே தனி வகைகளைப் பயிரிட்டு, பொறியையும் வண்டியையும் களஞ்சியத்தையும் துப்புரவு செய்து, பிற வகை ஒரு மணியும் சேராமல் காத்து அனுப்புகின்றனர். அதற்கெனக் கூடுதல் விலையும் பெறுகின்றனர். நம் சீரகச்சம்பாவிற்கு அத்தகைய காவல் உண்டோ? கடைகளில் அப்பெயரால் விற்பதை உற்றுப் பார்த்தால் விடை தெரியும்.

சோயாவைச் சொன்னதால் அதனைப் பற்றியும் ஒரு சொல். நம்மவர்க்கு அது மீல்மேக்கர் உருண்டையாகவே அறிமுகம். வரப்பிலும் ஊடுபயிராகவும் விளைவிக்க முயன்றோர் விதை முளைக்கவில்லை என்று சலிப்பர். அதன் தோல் மிக மெல்லியது. முளைக்கரு தோலை ஒட்டியே கிடக்கின்றது. மிகக் காய்ந்தபின் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். மூட்டையை உயரத்திலிருந்து போட்டாலும் விழும். நம் நாட்டு வெப்பத்தில் ஓராண்டு வைத்த சோயா விதையை நம்பி விதைப்பது வீண். விதைநூலார் ஒரு கணக்குக் கூறுவர்: விதையின் ஈரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அதன் ஆயுள் இருமடங்காகும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை குறைந்தாலும் அவ்வாறே. சோயாவிற்கு இக்கணக்கு உயிர்க்கணக்கு.

வீட்டிற்குள் வருவோம். அரிசி வண்டு வெளியிலிருந்து வருவது என்று எண்ணுகின்றோம். பெரும்பாலும் அது உள்ளேயே இருந்தது. பெண் வண்டு மணியைத் துளைத்து முட்டையிட்டு வாயை அடைத்துவிடும். புழு உள்ளேயே வளர்ந்து ஏறக்குறைய ஒரு திங்களில் வண்டாகி வெளிப்படும். உளுந்து வண்டோ வயலில் காய் முற்றும்போதே தொடங்குகின்றது. ஆதலின் உளுந்தையும் துவரையையும் உடைத்துப் பருப்பாக்கி வைத்த நம் பாட்டிமார் அறிவுடையவர். உடைத்த பருப்பில் அவ்வண்டு பெருகாது. துவரைக்குச் செம்மண் கட்டியதும் அவ்வகைத்தே. வேப்பிலை, நொச்சி இலை இடுவது நன்று. வசம்பு விதைக்கு இடலாம். உண்ணும் தானியத்தில் தூவவேண்டா. அதனை உணவிற் சேர்ப்பதை 1968ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசு தடுத்தது.

குளிர்ப்பெட்டி உள்ள வீட்டார் இரண்டு கிலோ உளுந்தை இறுகக் கட்டி உறைநிலை அறையில் ஒரு கிழமை வைத்தால் முட்டையும் புழுவும் மடியும். வெளியே எடுத்தவுடன் பையை அவிழ்க்காமல், குளிர் நீங்கிய பின்னரே திறக்கவேண்டும். இல்லையேல் காற்றின் ஈரம் பருப்பின்மேல் பனியாகப் படியும்.

கைக்குத்தல் அரிசி வாங்குவோர்க்கும் ஒன்று கூறவேண்டும். உமி நீங்கிய கணமே தவிட்டிலுள்ள எண்ணெய் சிக்குநாற்றம் அடையத் தொடங்குகின்றது. கம்பு மாவும் அத்தகையதே. ஆகவே ஆறு திங்களுக்கு மொத்தமாக வாங்கி அடுக்குவது பேதைமை. சாமையோ தினையோ உமியோடு இருந்தால் ஆண்டுக்கணக்கிற் கிடக்கும். குத்திய பின்னர் சில கிழமைகளுக்கே வாங்குக. கேழ்வரகு ஒன்றே நெடுநாள் தாங்கும் பெருமை உடையது.

இனிச் சொல்லப்போவதை இளைஞர்களும் செவிமடுக்க. வண்டிற்கென்று கடைத்தெருவில் மறைவாக விற்கும் மாத்திரை ஒன்றுண்டு. அலுமினியம் பாஸ்பைடு என்பது. 3 கிராம் மாத்திரை ஒன்று காற்றின் ஈரம் பட்டால் 1 கிராம் பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை விடும். பெரிய கிடங்குகளில் மூடாக்கின் கீழ்ப் பயிற்சி பெற்றோர் கையாளவேண்டிய பொருள் அது. பிறர்க்கு விற்பதையும் விதி தடுக்கின்றது. அதனை அரிசி மூட்டைக்குள் இட்டு, அம்மூட்டையைப் படுக்கும் அறைக்கட்டிலின் கீழ்த் தள்ளிவிட்டுக் குழந்தைகளோடு உறங்குவோர் உண்டு. அவ்வாயு கதவிடுக்கால் அடுத்த அறைக்கும் புகும். அதற்கு மாற்றுமருந்து இல்லை. குடும்பத்தில் விடிந்து எழாதவர் இருந்த செய்திகளை நாளிதழ்களில் நீங்களும் படித்திருப்பீர்கள். இரண்டு படி அரிசியை வண்டு தின்றால் தின்னட்டும். அம்மாத்திரை நம் வீட்டு வாயிலை மிதிக்கவேண்டா.

அதற்கு மாறாக உள்ள வழி நம் குதிரின் வழியே. குதிரின் வாயைச் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகி அடைத்தனர் முன்னோர். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் இன்றும் நிற்கின்றது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். காற்றடைத்த இடத்தில் வண்டு உள்ள உயிர்க்காற்றைச் செலவிட்டுவிட்டுத் தானே ஒடுங்கும். இக்கருத்தைக் கொண்டே ஆப்பிரிக்க நாட்டுத் தட்டைப்பயற்றிற்காக அமெரிக்கப் பர்தியூ பல்கலைக்கழகத்தார் உள்ளே இரண்டு தடித்த நெகிழிப் பையும் வெளியே ஒரு சாக்குமாக மூன்றடுக்குப் பை வகுத்தனர். அத்தகைய காற்றுப்புகாப் பைகள் நம் நாட்டிலும் கிடைக்கின்றன. நன்றாக உலர்ந்த தானியத்தை இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, முறுக்கிக் கட்டினாற் போதும், மருந்தே வேண்டா. ஈரத் தானியத்தை இட்டால் அழுகும். கட்டிய பையை நாள்தோறும் அவிழ்த்துப் பார்ப்பவர்க்கும் பயன் தராது. சிமெண்டுத் தரையில் நேரே வைக்காமல் பலகைமேல் ஏற்றிச் சுவரினின்று ஒரு முழம் தள்ளி வைக்க.

முடிவாக நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஈரம் அளக்கும் மின்கருவி ஒன்றைச் சங்கப் பொதுநிதியில் வாங்கி அலுவலகத்தில் வைக்கலாம். மூட்டை கட்டுமுன் ஒரு படி தானியம் கொண்டுவந்து அளந்து போகட்டும், கட்டணம் வேண்டா. நிலமுடையார் எவரேனும் மரபு நெல் ஏதேனும் கலப்பின்றி வைத்திருப்பின், அதன் பெயரையும் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். சுரங்கத்திற்கு நிலத்தைக் கொடுத்த குடும்பங்கள் சில தம் தந்தையார் விளைத்த நெல்லின் பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கின்றன. அவ்விதை இன்னும் எவரிடமேனும் இருக்கின்றதா என்று தேட அக்குறிப்பேடு உதவும். கருவியைக் கையாளக் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர் இருவர் இன்றே தம் பெயரைச் செயலாளரிடம் கொடுப்பாராக. மாசி அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கின்றது.